வெளிநாட்டிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு வருவோர் எங்கே இறங்கலாம், எப்போது இறங்கலாம்?

லண்டனிலிருந்து பெங்களூருக்கு வான்வழியாகச் சுமார் 8,000 கி.மீ. நேரடி விமானம் என்றால் பத்து மணி நேரப் பயணம். சென்னைக்கும் கிட்டத்தட்ட அதே தூரம், அதே நேரம்தான். இதைப் பார்த்துவிட்டு, எது மலிவோ அந்த டிக்கெட்டைப் போட்டுவிடுகிறார்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் அதற்குப் பிறகு வரும் சாலைப் பயணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னை விமான நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 250 கி.மீ., தருமபுரி 300-ஐ நெருங்கும். பெங்களூரு விமான நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 125, தருமபுரி 170. வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது பெங்களூருக்கே போடுங்கள்.

பெங்களூரிலும் ஒரு சங்கடம் உண்டு. விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில். நமக்கோ தெற்கே ஓசூர் சாலைக்கு வர வேண்டும். நடுவில் முழு நகரமும் கிடக்கிறது. விடிகாலை 3 மணிக்கு வெளியே வந்தால் ஹெப்பாள், சில்க் போர்டு போன்ற நெரிசல் சந்திப்புகள் எல்லாம் காலியாக இருக்கும். விடியும்போது கிருஷ்ணகிரியில் காபி குடிக்கலாம். அதே வண்டி காலை 9 மணிக்குக் கிளம்பினால் எலக்ட்ரானிக் சிட்டி தாண்டுவதற்குள்ளேயே மூன்று மணி நேரம் போய்விடும். சிங்கப்பூரிலிருந்து நாலரை மணி நேரத்தில் பறந்து வந்தவர், அதே அளவு நேரம் காரில் உட்கார வேண்டியதுதான். ஆகவே பறக்கும் நேரத்தைவிட இறங்கும் நேரத்தைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டனில் மதியம் 2 மணிக்கு ஏறினால், பத்து மணி நேரம் பறந்து, மறுநாள் காலை 5.30-க்கு இறங்குவீர்கள். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவதால் இங்கே 4.30. திரும்பும்போது எதிர்க்காற்று, பயணம் இன்னும் நீளும்.

டாக்ஸி பேசும்போது டோல், டிரைவர் பேட்டா, பர்மிட் எல்லாம் சேர்த்துத்தானா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கர்நாடக வாடகை வண்டி தமிழ்நாட்டுக்குள் வர பர்மிட் கட்ட வேண்டி வரலாம். பேசாமல் விட்டால் மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்டும்போது, தூக்கக் கலக்கத்தில், அந்தப் பேச்சு வரும். ஊரிலிருந்து வாடகை வண்டி வரவழைத்தாலும் கர்நாடகத்துக்கு அதே கதைதான். ரயிலை நம்பி வருவோர் கவனிக்க: கிருஷ்ணகிரி ஊரில் ரயில் நிலையம் கிடையாது. தருமபுரியில் உண்டு, ஓசூர் வழியாகச் சேலம் போகும் வண்டிகள் வரும்.

சேலம் விமான நிலையம் தருமபுரிக்குப் பக்கம்தான். ஆனால் அங்கே வருவது சிறிய உள்நாட்டு விமானங்கள். வெளிநாட்டு டிக்கெட்டோடு சேர்க்காமல் தனி டிக்கெட் எடுத்தால் பெட்டி எடை வரம்பும் குறைவு. இரண்டு பெரிய பெட்டியோடு வருகிறவர்களுக்கு அது சரிப்படாது.

திரும்பும்போது தேதியைக் கவனியுங்கள். 15-ஆம் தேதி அதிகாலை 2 மணி விமானம் என்றால், தருமபுரியிலிருந்து 14-ஆம் தேதி மாலை 5 மணிக்கே கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமையாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகவே.