ஜி.வி. பெயின்ட்: டிரஸ்ஸிங் அறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்பத்திரியில் புண்களுக்கு மருந்து போட்டுக் கட்டும் டிரஸ்ஸிங் அறைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், ஜி.வி. என்கிற ஜென்ஷன் வயலட் ஊதா மருந்தைக் கையாள்வதைக் கவனிக்கிறேன். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்துப் பிழைகளே திரும்பவும் நடக்கின்றன. யூனிஃபார்மில் கொட்டிக்கொள்வது, விரலெல்லாம் ஊதாவாவது போன்றவை இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். ஜென்ஷன் வயலட் பாட்டிலைத் தொடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு.

டாக்டர் பார்க்கும் முன்பே பூசிவிடுவது

இதைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வரும். புண் ஆறுகிறதா, முற்றுகிறதா என்பதைச் சுற்றியுள்ள தோலின் நிறம்தான் முதலில் சொல்லும். சிவப்பு பரவினால் செல்லுலைட்டிஸ், அதாவது தோலுக்கடியில் பரவும் கிருமித்தொற்று. ஓரம் கறுத்தால் சதை அழுகத் தொடங்கிவிட்டது. தீக்காயம் என்றால், அழுத்தி எடுத்ததும் வெளுத்துச் சிவக்கிறதா என்று பார்த்துத்தான் ஆழத்தைக் கணிப்பார்கள். ஊதா பூசிய இடத்தில் இதில் ஒன்றும் தெரியாது.

ஒரு பெரியவர், சர்க்கரை நோயாளி. கால்விரல் இடுக்கில் புண். வேறோர் இடத்தில் தினமும் ஜி.வி. பூசி அனுப்பியிருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது முன்பாதம் முழுக்கக் கத்தரிக்காய் நிறம். சலைனில் (உப்புநீரில்) நனைத்த பஞ்சால் எவ்வளவு துடைத்தும் போகவில்லை. புறங்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. இடுக்கை விரித்ததும் நாற்றம். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "தினமும் மருந்து போட்டாங்களே சிஸ்டர்" என்று அவர் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தார்.

போட்டார்கள்தான். ஆனால் பரிசோதனைக் கூடத்தில், கிருமிகளுக்கு நிறமேற்றி கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என இரண்டு வகையாகப் பிரிக்கிற கிராம் ஸ்டெயினுக்கு முதலில் ஊற்றுகிற கிரிஸ்டல் வயலட் சாயம்தான் இந்த மருந்தும். கிராம் பாசிட்டிவ் கிருமிகளை இது அடக்கும், கிராம் நெகட்டிவ் கிருமிகளில் பெரும்பாலானவற்றிடம் பலிக்காது என்று ஜான் சர்ச்மேன் 1912-லேயே காட்டிவிட்டார். நாள்பட்ட சர்க்கரைப் புண்ணில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். மேலே ஊதா காய்ந்திருக்க, அடியில் சூடோமோனாஸ் என்ற கிராம் நெகட்டிவ் கிருமி அது பாட்டுக்கு வளரும்.

முதலில் கழுவுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். அவர் எழுதினால் மட்டும் பாட்டிலைத் திறங்கள்.

வாய்க்கும் தோலுக்கும் ஒரே பாட்டில்

உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தைநலக் கையேட்டில் பச்சிளங்குழந்தையின் தோலுக்கும் தொப்புளுக்கும் 0.5%, வாய் வெண்புண்ணுக்கு அதில் பாதி, 0.25%. டிரஸ்ஸிங் அறையில் தோலுக்கென்று பொதுவாக வைத்திருக்கும் 1% கரைசலைக் குழந்தையின் வாயில் தடவினால் உள்சவ்வு வெந்து புண்ணாகக்கூடும். பால் குடிக்க முடியாமல் குழந்தை அழும். லேபிளில் சதவீதம் அழிந்திருந்தால் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள்.

முகத்தில் திறந்த புண்

வேண்டாம். சதைக்குள் தங்கிய சாயம் பிறகு போகாது.

கண்ணருகே

கூடவே கூடாது.

மீதியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது

சுண்டெலிகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்த ஆய்வுகளில் இந்தச் சாயம் புற்றுநோயை உண்டாக்கியது. அதன் அடிப்படையில் 2019-இல் கனடாவின் சுகாதாரத் துறை மக்களை எச்சரித்தது. மாதக்கணக்கில் பூசுகிற மருந்தல்ல இது. எத்தனை நாள் என்று சீட்டில் இருக்கிறதோ, அத்தனை நாளுக்கு மட்டும் ஊற்றிக் கொடுங்கள்.