கோயில் வாசலில் நிலாக் காட்டுவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் கோயில் வாசலில் தொலைநோக்கி வைக்கப் போகிறீர்களா? தைப்பூசக் காவடியன்று கூட்டம் இருக்கும், ஆனாலும் அன்றைக்கு வேண்டாம். பௌர்ணமியில் வெயில் நேராக விழுவதால் நிலவில் நிழலே இருக்காது, பள்ளங்கள் தட்டையாகிவிடும். வளர்பிறை அஷ்டமிதான் சரி. ஒளியும் இருளும் சேரும் கோட்டுக்குத் திருப்புங்கள். பள்ளத்தின் விளிம்பு பளிச்சென்றிருக்க, உள்ளே மை ஊற்றியதுபோல் நிழல் நிற்கும்.

வயதானவர்களுக்கு நாற்காலி கட்டாயம். அவர்கள் பார்க்கும்போது விளக்கம் சொல்லவே கூடாது. “என்ன தெரியுது ஆயா?” என்று மட்டும் கேளுங்கள். நிழல் எப்படி வந்தது என்று அவர்களே கேட்டதும், சூரியன் பக்கவாட்டில் இருப்பதைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் பேசலாம், தயங்காதீர்கள். அப்புறம் நம் நாட்டின் கரூ வறண்ட நிலத்தில் 2018இல் திறந்த, 64 தட்டு வடிவ ஆன்டெனாக்கள் கொண்ட மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி பற்றியும் சொல்லுங்கள்.