ரங்கூன் மழைக்கும் திஞ்ஜானுக்கும் தாங்குற வாட்ச் வேணுமா?

டெய்லி கட்டுறதுக்கு கம்மி விலைல ஒரு வாட்ச் தேடுறீங்கன்னா டிசைனை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல பின்னாடி திருப்பி தண்ணி பத்தி என்ன போட்டிருக்குன்னு படிங்க. இங்க மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் மழை, அதுக்கு முன்னாடி ஏப்ரல்ல திஞ்ஜான் (தண்ணி ஊத்தி விளையாடுற பர்மா புத்தாண்டு), நனையாம ஒரு வருஷம் ஓட்டவே முடியாது. வெறும் வாட்டர் ரெசிஸ்ட்னோ 30 மீட்டர்னோ இருந்தா கை கழுவுறதுக்கும் சாரலுக்கும் தான் சரி. 30 மீட்டர் ஆழம் முங்கலாம்னு அர்த்தம் இல்லங்க, அது ஆடாத அசையாத தண்ணி அழுத்தத்துக்கு போட்ட கணக்கு, திஞ்ஜான்ல பைப்பை வச்சு பீச்சுறவன் முன்னாடி போய் நின்னா கண்ணாடிக்குள்ள ஆவி கட்டிரும். 50 பரவால்ல, 100 இருந்தா நிம்மதி. எதுவா இருந்தாலும் நனைஞ்சிருக்கும்போது பட்டனை அமுக்காதீங்க.

கைல காசு ரொம்ப கம்மின்னா கேசியோ எஃப்-91டபிள்யூ, 1989ல வந்த மாடல், இன்னமும் விக்குது. பேட்டரி 7 வருஷம் கிட்ட வரும், மாசத்துக்கு 30 செகண்ட் முன்ன பின்ன ஓடும், லீப் வருஷம் வந்தா பிப்ரவரி 29ஐ நீங்களே தான் மாத்தணும், இந்த விலைக்கு அவ்வளவுதான். ஆனா இது வெறும் வாட்டர் ரெசிஸ்ட் வகை தான், அதனால திஞ்ஜானுக்கு அதை வீட்டுல கழட்டி வச்சிருங்க. டூப்ளிகேட் நிறைய சுத்துது, வலது பக்க பட்டனை 3 செகண்ட் அமுக்கிப் பிடிங்க, ஒரிஜினல்னா ஸ்க்ரீன்ல கேசியோன்னு எழுத்து வரும் (இப்ப சில டூப்ளிகேட்லயும் வருதாம், அதனால தெரிஞ்ச கடையே பாருங்க).

கொஞ்சம் கூட போட முடிஞ்சா கேசியோவோட ஏஇ-1200, என் ஓட்டு அதுக்கு தான். 100 மீட்டர், 10 வருஷ பேட்டரி, வேர்ல்ட் டைம்ல (வேற ஊர் மணி காட்டுற வசதி) ஜிஎம்டிக்கு ஆறரை மணி நேரம் முன்னாடி ஓடுற நம்ம பர்மா கணக்கும் இருக்கு, சென்னைல இருக்குற சொந்தக்காரங்களுக்கு போன் போடுறதுக்கு முன்னாடி அங்க மணி என்னன்னு பாத்துக்கலாம்.

ஆட்டோமேட்டிக் (பேட்டரி இல்லாம கை அசைவுலயே ஓடுற வாட்ச்) ஆசை இருக்குறவங்க கவனிங்க. பழைய சீக்கோ 5ல வர்ற 7எஸ்26 மெஷினுக்கு கம்பெனியே சொல்ற கணக்கு ஒரு நாளைக்கு 20 செகண்ட் லேட்டுல இருந்து 40 செகண்ட் ஃபாஸ்ட் வரைக்கும். ரெண்டு நாள் கட்டாம வச்சா நின்னுரும். அது ரிப்பேர் இல்ல, அதோட குணமே அப்படித்தான்.

பிளாஸ்டிக் கண்ணாடில கீறல் விழத்தான் செய்யும், டூத்பேஸ்ட் தடவி தேய்ச்சா சின்னக் கீறல் போயிரும். ஆனா டீட் (DEET, கொசுவை விரட்டுற கெமிக்கல்) கலந்த கொசு மருந்தை தடவுன கையோட கட்டாதீங்க, பிளாஸ்டிக்கை தின்னுரும். வேர்வையும் தனக்காவும் (இங்க முகத்துல, கைல பூசுற மரப்பட்டை சாந்து) ஸ்ட்ராப் இடுக்குல போய் அப்பிக்கும், பழைய பிரஷ்ல தேய்ச்சு விடுங்க. ஸ்ட்ராப் வாட்சுக்கு முன்னாடி போயிரும், அதுக்காக புது வாட்ச் வாங்காதீங்க.

பேட்டரி மாத்துறப்ப உள்ள இருக்குற ரப்பர் ரிங்கையும் பாக்கச் சொல்லுங்க. அது காஞ்சு போயிருந்தா பின்னாடி 100 மீட்டர்னு எழுதியிருந்தும் புண்ணியமில்ல.