'இருக்கிறேன்' வந்தாலே 'ஹேவ்' போடலாமா?

பார்த்தேன் என்றால் 'ஐ சா', பார்த்திருக்கிறேன் என்றால் 'ஐ ஹேவ் சீன்'. நம்மில் பலர் இப்படித்தான் மனப்பாடம் செய்திருப்போம். பாதி தூரம் இது சரியாகவே ஓடும். வாக்கியத்துக்குள் ஒரு தேதி நுழைந்ததும் கவிழ்ந்துவிடும்.

"2015-ல் அவரைப் பார்த்திருக்கிறேன்" என்பதில் தமிழில் ஒரு குறையும் இல்லை. அதையே "ஐ ஹேவ் சீன் ஹிம் இன் 2015" என்றால் ஆங்கிலத்தில் பிழை. 'ஹேவ் சீன்' போல 'ஹேவ்' சேர்ந்து வரும் பிரசன்ட் பெர்ஃபெக்ட் இன்றைய பொழுதோடு ஒட்டிக்கொண்டிருப்பது. எஸ்டர்டே, லாஸ்ட் வீக் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் அந்த ஒட்டு போச்சு. "ஐ சா ஹிம் இன் 2015" என சிம்பிள் பாஸ்ட்தான் வர வேண்டும். 'வென்' என்று கேட்பதும் தேதியைக் கேட்பதுதானே? அதனால் "வென் ஹேவ் யூ கம்?" கிடையாது, "வென் டிட் யூ கம்?".

'திஸ் மார்னிங்' மட்டும் கடிகாரத்தைப் பார்த்துப் பேசும். காலை பத்து மணிக்கு "ஐ ஹேவ் ஹேட் டூ காஃபீஸ் திஸ் மார்னிங்" எனலாம். காலை இன்னும் முடியவில்லை, மூன்றாவது காபிக்கும் இடமிருக்கிறது. அதே இரண்டு காபியை மாலை நான்கு மணிக்குச் சொன்னால் 'ஹேவ்' கழன்றுவிடும்: "ஐ ஹேட் டூ காஃபீஸ் திஸ் மார்னிங்".

அப்புறம், "லண்டன் போயிருக்கிறார்". ஆள் இப்போது லண்டனில் இருந்தாலும் இதைத்தான் சொல்கிறோம், என்றோ போய்த் திரும்பியிருந்தாலும் இதைத்தான் சொல்கிறோம். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. 'ஹேஸ் கான் டு லண்டன்' என்றால் ஆள் இங்கே இல்லை; 'ஹேஸ் பீன் டு லண்டன்' என்றால் போய் வந்தவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் காட்டி 'ஹேஸ் கான்' என்றால் கேட்பவர் முழிப்பார்.

நான் அதிகம் பயப்படுவது இதற்கு எதிர்ப்பக்கத் தவறுக்குத்தான். "பத்து வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்" என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதனால் வாயில் வருவது "ஐ அம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்". 'அம்' தவறு, 'சின்ஸ்' தொடங்கிய புள்ளிக்கு வருவது, கால அளவுக்கு 'ஃபார்'. "ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்பதே சரி. இதில் 'ஹேவ்' விட்டுப்போனால் வேலையை விட்டுவிட்டதாக அர்த்தமாகிவிடும்.

ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் வரும் இடங்களில் ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பிரிட்டிஷ் வழக்கில் "ஹேவ் யூ ஈட்டன் யெட்?", அமெரிக்கப் பேச்சில் "டிட் யூ ஈட் யெட்?" என்பதும் சகஜம். தேர்வுத்தாளில் மட்டும் முதலாவதையே எழுதிவிடுங்கள்.