பாட்டியின் பட்டுச்சேலையில் சரிகை கறுத்தது ஏன்? என் அனுபவம்

பாட்டி வழியாக வந்த காஞ்சிபுரம் பட்டுச்சேலையின் சரிகைக்கரை, உலர்சலவை செய்த பிறகும் சில வாரங்களில் மீண்டும் கறுத்தது. சென்னையின் கடற்காற்றுதான் காரணம் என்று மயிலாப்பூரில் சிலர் சொன்னதால் பீரோவை இடம் மாற்றினேன், பயனில்லை. கறுப்பைப் போக்கப் புளித்தண்ணீரில் தேய்க்கும் வைத்தியம் பித்தளைக் குத்துவிளக்குக்குப் பொருந்தும், பட்டுக்கு ஆகாது.

பிரித்துப் பார்த்தபோது, கறுப்பு விரலகலப் பட்டையாக, மேல்மடிப்பில் அடர்ந்தும் உள்மடிப்புகளில் வெளிறியும் இருந்தது. அது சரியாக, மடித்த சேலையைச் சுற்றிப் போட்டிருந்த ரப்பர் பேண்ட் படிந்த இடம். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம், பழஞ்சரிகையின் மெல்லிய தங்கமுலாமுக்கு அடியிலுள்ள வெள்ளியைக் கறுக்கச் செய்கிறது. ரப்பரை நீக்கி, மடிப்பை மாற்றி, கஞ்சியில்லாத பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்தேன். மழைக்காலம் கழிந்தும் புதிய கறுப்பு படியவில்லை.