சைனிக் பள்ளி ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வு: வீட்டிலேயே தயாராவது எப்படி?

அக்கா மகன் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளியில் (ராணுவ அதிகாரியாக விரும்பும் பிள்ளைகளைத் தயார்படுத்தும் உறைவிடப் பள்ளி) சேர ஆசைப்பட்டான். எங்கள் ஊரில் பயிற்சி மையம் கிடையாது. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தோம். தனியார் பள்ளிகளோடு கூட்டாகத் தொடங்கிய புதிய சைனிக் பள்ளிகளுக்கும் இதே தேர்வுதான் என்பதால், அவற்றுக்கு முயல்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் வயது. சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று பிள்ளைக்கு 10 முதல் 12 வயதுக்குள் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளும் எழுதலாம். பிறப்பு, இருப்பிட, சாதிச் சான்றிதழ்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தேர்வு பெரும்பாலும் ஜனவரியில் வரும். 2025-இல் ஏப்ரல் 5 வரை தள்ளிப்போனது. அதனால் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் (என்டிஏ) இணையதளத்தை அவ்வப்போது பாருங்கள்.

அடுத்து, எந்த மொழியில் எழுதுவது? ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். இது பலருக்குத் தெரியாது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கில வழிகாட்டியை வாங்கிக் கொடுத்தால், கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் விழிக்கும். விண்ணப்பத்தில் தேர்ந்தெடுக்கும் மொழியிலேயே கடைசி வரை பயிற்சி கொடுங்கள். சேர்ந்த பிறகு பாடம் ஆங்கிலத்தில்தான். அந்தக் கவலை அப்புறம்.

மூன்றாவது, மதிப்பெண் கணக்கு. 125 கேள்விகள், 300 மதிப்பெண், 150 நிமிடம். கணக்கில் 50 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண். ஆகப் பாதித் தேர்வு அதுதான். நுண்ணறிவு, மொழி, பொது அறிவு மூன்றிலும் தலா 25 கேள்விகள், 2 மதிப்பெண் வீதம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். எனவே எதையும் விடாமல் எழுதலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பொதுப் பிரிவுப் பிள்ளை மொத்தத்தில் 40 சதவீதம் எடுத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பகுதியிலும் 25 சதவீதம் தாண்ட வேண்டும். கணக்கில் 150-க்கு 150 வாங்கிவிட்டு பொது அறிவில் ஆறே கேள்விதான் சரி என்றால் 12 மதிப்பெண், 12.5 வேண்டும், போச்சு! ஏழு கேள்வியாவது சரியாக இருக்க வேண்டும். அதைத் தாண்டினாலும் இடம் உறுதியில்லை, தரவரிசைதான் முடிவு செய்யும்.

இனி கணக்கு. பள்ளிப் பாடநூலில் தொடங்குங்கள். விகிதம், சதவீதம், லாப நட்டம், மீ.சி.ம., தனிவட்டி, பரப்பளவு, கோணங்கள் எல்லாம் வரும். தினமும் பதினைந்து கணக்கு போதும். ஐம்பது போட வைத்தால் பிள்ளை கடனுக்குப் போடும். போட்டதைச் சரிபார்க்கும் பழக்கம்தான் முக்கியம். ஒரு நாள் இந்தக் கணக்கைக் கொடுத்தேன்: செவ்வக வயலின் சுற்றளவு 60 மீட்டர், நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு, பரப்பளவு என்ன? அவன் 60-ஐ மூன்றால் வகுத்து அகலம் 20, நீளம் 40, விடை 800 என்றான். "அப்படியா, வயலைச் சுற்றி நடந்து காட்டு" என்றேன். 20, 40, 20, 40 என்று கூட்டினான், 120 வந்தது. தானே சிரித்துவிட்டு 10, 20 என்று திருத்தி 200 என்றான். இந்த மாதிரித் தவறுகளுக்கென்று தனி நோட்டு போடுங்கள். ஞாயிறுதோறும் அந்த நோட்டில் இருக்கும் கணக்குகளை மட்டும் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

நுண்ணறிவு விளையாட்டு மாதிரி. கண்ணாடியில் தெரியும் கடிகாரம் கேட்டால், 3:40 காட்டும் கடிகாரத்தை மெல்லிய தாளில் வரைந்து, பின்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். 8:20 தெரியும். பிறகுதான் 11:60-இலிருந்து கழிக்கும் குறுக்குவழி. பொது அறிவுக்கு ஐந்தாம் வகுப்பு அறிவியல், சமூக அறிவியலோடு செய்தித்தாள் போதும்.

கடைசி இரண்டு மாதம் மாதிரித் தேர்வு. கடிகாரம் வைத்து, ஓஎம்ஆர் தாளில்தான் (விடைக்கான வட்டத்தைப் பேனாவால் நிரப்பும் விடைத்தாள்) எழுத வேண்டும். எங்கள் பையன் முதல் தேர்விலேயே 31-ஆம் கேள்வியை விட்டுவிட்டு, 32-க்கான விடையை 31-இன் வட்டத்தில் நிரப்பினான். அதற்குப் பிறகு எல்லாமே ஒரு வரிசை தள்ளிப்போய்விட்டது. பேனாவில் நிரப்பியதை மாற்ற முடியாது. அன்றிலிருந்து ஐந்து கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்ப்பது வழக்கமானது. நேரத்தை இப்படிப் பிரித்தோம்: பொது அறிவு 15 நிமிடம், மொழி 20, நுண்ணறிவு 25, கணக்கு 85, சரிபார்க்க 5.

எழுத்துத் தேர்வுக்குப் பிறகு மருத்துவப் பரிசோதனையும் உண்டு. விண்ணப்பிக்கும்போதே கண், காது, பல் மூன்றையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.