சஸ்டென்டாகுலர் செல்: பெயரை உடைத்துப் படித்தால் மறக்காது

உடற்கூறியல் படிக்கிறவர்களே, 'சஸ்டென்டாகுலர் செல்' என்ற பெயரை உருப்போடாதீர்கள், உடைத்துப் பாருங்கள். லத்தீனில் 'சுப்' என்றால் கீழே, 'தெனேரே' என்றால் பிடிப்பது. இரண்டும் சேர்ந்தது 'சுஸ்தினேரே', அதாவது கீழிருந்து தாங்கிப் பிடிப்பது, அதிலிருந்து பிறந்த 'சுஸ்தெந்தாரே'யோடு கருவியைக் குறிக்கும் 'குலும்' விகுதி ஒட்டினால் 'சுஸ்தெந்தாகுலும்', நம் பேச்சில் சொன்னால் முட்டுக் கொடுக்கும் கட்டை. சஸ்டெயின் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதே வேர்தான்.

மூக்கில் மணம் அறியும் நரம்பு செல்களுக்கு நடுவில் நின்று தாங்குபவை இந்த சஸ்டென்டாகுலர் செல்கள். விந்தகத்தில் 1865-ல் இத்தாலிய உடலியலாளர் என்ரிகோ செர்டோலி விவரித்த செல்களுக்கும் இந்தப் பெயர் உண்டு. அவை தாங்குவதோடு நிற்பதில்லை, வளரும் விந்தணுக்களுக்கு ஊட்டமும் கொடுக்கின்றன, அதனால் தேர்வில் 'தாங்கி' என்று மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள்.

இன்னும் மனசில் நிற்கவில்லையா? உங்கள் கணுக்காலின் உள்பக்கம் புடைத்திருக்கும் எலும்பு முனைக்கு ஏறக்குறைய ஒரு விரல் அகலம் கீழே நன்றாக அழுத்துங்கள், கெட்டியான ஒரு விளிம்பு தட்டுப்படும். அதுதான் 'சஸ்டென்டாகுலம் டாலை': கணுக்காலில் உள்ள டேலஸ் எலும்பைத் தாங்கக் குதிகால் எலும்பிலிருந்து நீண்டிருக்கும் குட்டித் திண்ணை.